மேல்சோலைக்குப் போகக்கூடாத பிடிமண்

மே 9, வெள்ளி

காலையில் மூடுபனி. எதிரே வந்த பசுவை யானை என்று நினைத்து ஜீப்பை நிறுத்தினேன். பசுவும் என்னை அப்படியே நினைத்திருக்கும், அதுவும் நின்றது. பரஸ்பர மரியாதையுடன் விலகிக்கொண்டோம்.

டயர் கழுவியது: நான்கு. ஸ்டெப்னியையும் கழுவச் சொல்லிவிட்டாள் ராணியம்மா. "அது தரையிலயே படலையே தாயி" என்றால், "பின்னால சேறு தெறிக்கும்லா மாமா" என்கிறாள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர், பிரஷ். பிறகு அவளுடைய பூட்ஸ். பிறகு என் செருப்பு. மூணாற்றில் மட்டுமல்ல, இமயம் முதல் குமரி வரை ஓடும் சகல வாகனங்களிலும் தினசரி கங்காஸ்நானம் செய்யும் ஒரே வாகனம் என் ஜீப் ஐராவதம்தான்.

ராணியம்மா என்பது அக்காள் மகள் பொன்மணி. (இனி பொ. பேனாவில் மை குறைவு.) செடிகொடி படித்தவள். காட்டு ஆராய்ச்சிக்காரர்களிடம் தற்காலிக வேலை. அவர்களுக்குத் தேரோட்டும் மகாரதன் அடியேன் செல்லப்பா.

இன்று கீழ்ச்சோலை. கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், சோலைமாடன் கோவிலைச் சுற்றி நிற்கும் காடு. போன வருஷம் நுனி மட்டும் காய்ந்திருந்த மரங்கள் இப்போது முழுசாகவே விறகு. நாவல், காட்டு இலவங்கம், பெயர் தெரியாத பெரியவர்கள் பலர். ஓர் இலவங்கத்தின் அடியைப் பொ. சுரண்டினாள். பட்டை ஈரமாகக் கழன்று வந்தது. உள்ளே புகையிலைச் சாற்றின் நிறம். மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்து உருவினாள். தோல் அவள் விரலோடு வந்துவிட்டது. மிச்சம் ஒரு நூல்.

"சல்லிவேரு ஒண்ணுகூட இல்ல மாமா. குடிக்க வாயில்லாம நிக்கி."

ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற மரம்! பார்க்கச் சகிக்கவில்லை.

காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பூஞ்சாளம் மாதிரி, ஆனால் பூஞ்சாளம் இல்லையாம். மண்ணில் இருக்கும், ஈரத்தில் நீந்தும், வேரைத் தின்னும். நான் சூட்டிய பட்டம்: வேர்த்தின்னி மகாராஜா. படை கிடையாது, பரிவாரம் கிடையாது. நம் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டே திக்விஜயம்.

மேல்சோலை இன்னும் பச்சை. மேல் டிவிஷன் முழுக்கக் குடிக்கிற ஊற்று அதற்குள்தான் இருக்கிறது. "இது மண்ணுக்குள்ள போயிட்டா வெளிய எடுக்க மருந்து கெடையாது மாமா. போகவிடாமப் பாக்கத்தான் முடியும்."

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, பிளீச்சிங் பவுடர், மை.

மே 10, சனி

வெயில். சாயங்காலம் மேற்கே கருப்பு, வெறும் மிரட்டல்.

கீழ் லயத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. பின்சுவர்களில் விரிசல், மேலே மண் சரியலாம். இடவப்பாதிப் பருவமழை பிடிக்கும் முன் எல்லாரும் மேல் டிவிஷனுக்கு மாறிவிட வேண்டும். அக்கா வீடும் அதில் அடக்கம். ஜனங்கள் மாறிக்கொள்ளலாம். மாடன்?

டீக்கடையில் இதே பேச்சு. டீக்கடை முருகேசன்தான் கோவில் கமிட்டித் தலைவரும். "வெளக்கு வைக்க ஆளில்லாம சாமிய அநாதையா விட்டுட்டுப் போவ முடியுமா அண்ணாச்சி? பிடிமண் எடுத்திருவோம். வார செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்."

பிடிமண் நமக்குப் புதிதா. பழைய கோவில் மண்ணில் ஒரு பிடி, மஞ்சள் துணியில் கட்டி, தலையில் சுமந்து போய்ப் புது இடத்தில் குழிதோண்டிப் போட்டால் சாமி அங்கே வந்துவிடும். இந்த மாடனே அப்படி வந்தவர்தான். தேயிலை நட மலையேறியவர்களில் ஒருவர் அத்தானின், அதாவது பொ.வின் அப்பாவின், பாட்டனார். தாமிரபரணிக் கரையிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்தார். வழியில் ஏழு புலி, ஒரு சிங்கம். இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது என்கிறாள் பொ. அன்றைக்கு வந்திருந்தது.

புது இடம் எது என்று கேட்டேன். மேல்சோலைக்குள், ஊற்றுக்குப் பக்கத்தில், பெரிய நாவல் மரத்தடி. அத்தான் பார்த்து வைத்த இடமாம்.

டீ பாதியில் ஆறிவிட்டது. கீழ்ச்சோலை மண், மேல்சோலைக் குழி, பக்கத்தில் ஊற்று. வேர்த்தின்னி மகாராஜாவைத் தலையில் தூக்கி, மேளம் கொட்டி, நாமே கொண்டுபோய் இறக்கிவைக்கப் போகிறோம்.

பொ.விடம் இன்னும் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எந்த எடம்?" "ஊத்துக்குப் பக்கம்." கத்தியை வைத்துவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

நான் அடுக்களையில், என் காதுகள் வாசலில்.

"அப்பா, அந்த மண்ணுல சீக்கு இருக்கு."

"சாமி மண்ணுல சீக்கா? யாருட்ட நின்னு பேசுத?"

"அந்த மரமெல்லாம் எப்பிடிச் செத்துச்சுன்னு நெனைக்கிய?"

"மாடன் கோவத்துல இருக்கான். கொடை ஒழுங்கா நடக்கல, பட்டுப்போச்சு. நல்ல எடமாப் பாத்து வச்சாக் குளுந்துருவான்."

"வச்சா அங்கயும் பட்டுப்போவும்பா."

"ஒங்க ஆபீசுல சாமிக்கும் டாக்டர் சீட்டு எழுதுதாவளோ?"

அத்தான் பெயர் வேலுச்சாமி. தேயிலை ஃபாக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். மாடனின் கோமரத்தாடி, கொடைத் திருவிழாவன்று சாமி இறங்குவது அவர் உடம்பில்தான். குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிறவனோடு சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன், உலக சாம்பியன் நான். தாழ்ந்த குரலோடு எப்படிச் சண்டை போடுவது?

அக்கா: "அப்பனும் மவளும் முட்டிக்கிட்டுக் கெடங்க. எனக்குப் பாத்திரம் கட்டுற வேல இருக்கு."

வெங்காயம் நானே உரித்து முடித்தேன். கண்ணீருக்கு அது ஒரு சாக்கு.

மே 12, திங்கள்

சாரல், அரைமணி. கமிட்டிக் கூட்டம்.

எழுந்து பேசினேன். வேர், மண், தண்ணீர், ஊற்று. சத்தியமாக ஒரு வார்த்தை கூட்டவில்லை. என் வாழ்நாளிலேயே இவ்வளவு மெலிந்த பேச்சு பேசியதில்லை. முடித்ததும் முருகேசன்:

"அண்ணாச்சி, போன மாசம் ஆன ஒங்க ஜீப்ப நிறுத்தி லிஃப்டு கேட்டுச்சுன்னிய."

"கேட்டது."

"அதுக்கு முந்தி, ஒங்க வீட்டுச் சௌசௌக் கொடி கரண்டுக் கம்பி வழியா ஆபீசு வரைக்கும் போய்க் காய்ச்சுதுன்னிய. இப்ப என்னடான்னா கண்ணுக்கே தெரியாத பூச்சிங்கிய. இது ரொம்பச் சின்னதால்லா இருக்கு! ஒடம்புக்குச் சரியில்லையா?"

கூட்டமே உருண்டு சிரித்தது. பழக்க தோஷம், நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பின்வரிசையில் பொ. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன், மேலிடத்தில் சொல்லித் தடுத்துவிட்டால் என்ன?

"தடுப்பாங்க மாமா. கயிறு கட்டி ஆள் போட்டு நிறுத்துவாங்க. பெறகு ஒரு நா யாராவது மடியில முடிஞ்சிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துருவாங்க. ஒரு பிடி மண்ண யாரு காவல் காக்க முடியும்? அப்பாவே வேணாம்னு சொல்லணும். அது ஒண்ணுதான் வழி."

கிளட்ச் கம்பி தளர்ந்திருக்கிறது. பார்க்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

கிளட்ச் சரி செய்தேன். மூளை வண்டிக்கு அடியில் படுத்தால்தான் வேலை செய்கிறது.

மண்ணில் சீக்கு இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பொ.வைக் கேட்டேன். கிண்ணத்தில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மேலே நல்ல இலை ஒன்றை மிதக்கவிடுவார்களாம். சீக்கு இருந்தால் நீந்தி வந்து இலையைப் பிடிக்கும். சில நாளில் பழுப்புப் புள்ளி விழும். இல்லையென்றால் இலை பச்சையாகவே கிடக்கும்.

வண்டிக்கு அடியிலிருந்து பாய்ந்து வெளியே வந்ததில் நெற்றியில் ஒரு கொம்பு. "ஏட்டி, இது சாமிகிட்ட பூக்கட்டிப் பாக்குற மாதிரில்லா! செவப்புப் பூ வந்தா ஆகாது, வெள்ளப் பூ வந்தா ஆகும். இங்க புள்ளி வந்தா ஆகாது."

"அது வேற, இது வேற மாமா."

"ஒனக்கு வேற. ஒங்க அப்பனுக்கு?"

சாயங்காலம் அத்தானிடம் போனோம். கமிட்டி வேண்டாம், நான் வேண்டாம், மகளும் வேண்டாம், மாடனையே கேட்டுவிடலாம் என்றேன். வெகுநேரம் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"கோவில் மண்ண நான் குளிச்சிட்டு என் கையாலதான் எடுப்பேன். கிண்ணம் என் வீட்டுலதான் இருக்கணும். ஒருத்தரும் தொடப்படாது."

"சரிப்பா."

"அவன் ஆகாதுன்னா நான் எடுக்க மாட்டேன். ஆகும்னா?" மகளைப் பார்த்தார். "ஆகும்னா நீ வந்து எனக்குக் குழிதோண்டித் தரணும். அந்த மரத்தடியில. ஒன் கையால."

பொ. பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு யுகம் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

"தாரேன்."

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள். "சில நேரம் சீக்கு இருந்தாலும் புள்ளி விழாது மாமா. குளிரு வேற. என்னைய எதுல கொண்டுபோய் மாட்டிவிட்டிருக்கிய தெரியுமா?"

தெரியாது. இப்போது தெரிகிறது.

மே 14, புதன்

குளிர். காற்று.

கிண்ணங்கள் அக்காவின் ரசக் கிண்ணங்கள். "சாமி மண்ணுக்கும் சீக்கு மண்ணுக்கும் என் கிண்ணந்தான் கெடச்சுதா? இனிமே இதுல ரசம் எவன் குடிப்பான்?" நான் குடிப்பேன் என்றேன். "நீ கழுநீரே குடிப்ப."

மூன்று:
1. கோவில் மண். அத்தான் ஈர வேட்டியோடு எடுத்து வந்தது.
2. மேல்சோலை மண். சாமி வைக்கப்போகும் அதே நாவல் மரத்தடியில், அதே இடத்தில் பொ. எடுத்தது. நல்ல மண் எப்படி இருக்கும் என்று அப்பா பக்கத்திலேயே வைத்துப் பார்க்கட்டும் என்று. அத்தானைக் கூப்பிட்டாள், "நீயே எடு" என்றுவிட்டார்.
3. காய்ச்சி ஆறவைத்த வெறும் தண்ணீர்.

இலை: காட்டுப்பூவரசு. சீக்கே எட்டாத தூரத்துப் புல்மேட்டிலிருந்து. கிண்ணத்துக்கு ஒன்று. ஓடம் மாதிரி மிதக்கின்றன.

மாடன் படத்துக்குக் கீழே வைத்து அத்தான் விளக்கு ஏற்றினார். பொ.வும் கும்பிட்டாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

புள்ளி இல்லை.

அக்கா வீட்டுச் சாமான் முதல் லோடு மேலே ஏற்றினேன். கட்டில், அம்மி, கோழிக்கூடு, கோழிகளின் சாபம். கறிவேப்பிலைத் தொட்டியைப் பொ. வண்டியிலிருந்து இறக்கிவிட்டாள். மண்ணோடு எதுவும் மேலே போகக் கூடாதாம். அக்கா ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. இது சரித்திரத்தில் முதல் முறை.

மே 16, வெள்ளி

புள்ளி இல்லை. மூன்று இலையும் ஜம்மென்று பச்சை.

முருகேசன் கடையில்: "என்ன அண்ணாச்சி, எலை என்ன சொல்லுது? ஆன மாதிரி லிஃப்டு கேக்கா?" டீக்காரன் வாயில் சுடு தண்ணீர். திருப்பிச் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. டீக்காசை வைத்துவிட்டு வந்தேன்.

அத்தான் எங்களை எதுவும் கேட்பதில்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வந்து கிண்ணங்களின் முன்னால் நிற்கிறார். முதல் கிண்ணத்தைவிட இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறார். புது இடத்தின் மேல் அவ்வளவு ஆசை போலும்.

அக்கா கிண்ணங்களை அடுப்புப் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்திருந்தாள். "குளுருதுன்னு வச்சேம்ல. எனக்கு ஒரு பக்கமும் கெடையாது." சற்றுப் பொறுத்து: "புள்ள மொகத்தப் பாத்தியா? சோறே எறங்கல."

மே 17, சனி

மத்தியானம். வீட்டில் நான் மட்டும். அக்கா மேலே, அத்தான் கோவிலில்.

கையில் பீடி. எதிரே மூன்று பச்சை இலை. ஒரு சுடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் வேலை. முதல் கிண்ணத்து இலைக்கு மேலே குனிந்துவிட்டேன். உலக மகா பொய்களின் சிகரம் இதுதான், இதற்காகத்தான் இத்தனை காலம் பயிற்சி எடுத்தோம் என்று தோன்றியது.

"மாமா. வேணாம்."

வாசலில் பொ. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு.

"காட்டக் காப்பாத்துற பொய்தானேட்டி."

"எலையில சுட்ட புள்ளி எது, சீக்கு எதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிருவான். பெறகு நான் எந்த நெசத்தச் சொன்னாலும் சிரிப்பாங்க. ஒங்களுக்கு நடந்த மாதிரி."

பீடியைத் தண்ணீரில் போட்டேன். எச்சில் தட்டுத் தண்ணீரில், கிண்ணத்தில் அல்ல.

அவள் வாளியை இழுத்தாள். பூட்ஸைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பூட்ஸ்.

மே 18, ஞாயிறு

மூடாப்பு. மழை நாளைக்கோ மறுநாளோ என்கிறார்கள்.

முதல் கிண்ணத்து இலையில், காம்புக்குப் பக்கத்தில் ஒரு நிழல். புள்ளியா? என் கண்ணாடி அழுக்கா? கண்ணாடியைத் துடைத்தேன். நிழல் போகவில்லை. பொ. பார்த்தாள், ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தான் மஞ்சள் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்.

மே 19, திங்கள்

காலையிலேயே இருட்டு. மேற்குக் காற்று.

புள்ளி! கட்டைவிரல் நகம் அளவு, பழுப்பு, ஈரமாக, நடுநரம்பு வழியாக மேலே ஏறுகிறது. பொ. இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாலக்காடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இலையை அல்ல.

இரண்டாவது கிண்ணம். மேல்சோலை. இலை ஓரத்தில் சின்னதாக, அதே நிறம்.

மூன்றாவது: பச்சை.

"மேல வந்துட்டு மாமா." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டி என்னுடையது ஒன்றுதான். எந்த நாளில் எந்த டயரை அரைகுறையாகக் கழுவினேன்? ஒவ்வொரு டயராக நினைவில் உருட்டி, வாசலுக்குக் கேட்கும்படி வாய்விட்டே புலம்பினேன்.

அத்தான் வந்தார். முதல் இலையைப் பார்த்தார். அதற்குத் தலையசைத்தார், ஏதோ ஒப்புக்கொள்கிற மாதிரி. இரண்டாவதைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

"ஒம்ம டயரு இல்ல மாப்ள. நான்."

யாருக்கும் புரியவில்லை.

"எடம் கேட்டேன். எங்க வகையறா வழக்கம். சாமிய வைக்குதுக்கு முந்தி அந்த எடத்துல பழைய கோவில் மண்ணு ஒரு பிடி வச்சு, மேல மூணு எலுமிச்சம்பழம் வைக்கணும். பழத்த எதுவும் தொடலன்னா அவனுக்குச் சம்மதம். யாருட்டயும் சொல்லப்படாது, பொண்டாட்டிட்டகூட. சித்திரை கடேசி வெள்ளி வச்சேன். பழம் அப்பிடியே இருந்துச்சு."

அக்கா, கையில் கட்டிய பாத்திரத்தோடு: "அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

"ஒரு பிடியில இருக்குமோ இருக்காதோன்னு..." ஐந்து நாளாக அந்த இரண்டாவது கிண்ணத்தின் முன்னால் நின்றது ஆசையால் அல்ல.

பொ. கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்துவிட்டாள். "குழி தோண்டுனியளாப்பா?" "மேலாக்கத்தான்." "தண்ணி?" "ஒரு செம்பு." "பெறகு பெரிய மழை இல்ல, சாரல்தான். ஓடியிருக்காது. அங்கனக்குள்ளயே கெடக்கும்." எங்களிடம் அல்ல, தனக்குத்தானே. வெளியே இடி. "இன்னைக்கு மழை பெஞ்சா ஊத்துக்கு எறங்கிரும். கெளம்புங்க."

மண்வெட்டி, கடப்பாரை, ஜீப்பின் தார்ப்பாய், ஸ்பிரிட். அக்கா கட்டிய மூட்டையை அவிழ்த்து அரிசிச் சாக்குகளை உதறித் தந்தாள். ஐராவதம் பறந்தது என்று எழுத ஆசை. உருண்டது. ஒவ்வொரு வளைவிலும் மேகம் எங்களுக்கு முன்னால் போய் நின்றது.

நாவல் மரத்தடி. வற்றிப்போன மூன்று பழம். மண்வெட்டிக்குக் கை நீட்டினேன். அத்தான் தரவில்லை. "நான் வச்சத நான்தான் எடுக்கணும்."

வெட்டினார். "இன்னும் அகலமாப்பா." வெட்டினார். "இன்னும் ஆழம்." மூச்சு வாங்கியது. பொ. வேர்களைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நடுவில் பழுப்பு; அறுத்துச் சாக்கில் போட்டாள். சற்றுத் தள்ளி ஒன்று. நகத்தால் கீறினாள். உருவினாள். தோல் வரவில்லை.

"வெள்ள. மாமா, வெள்ளதான்." இன்னொன்று. "இதுவும் வெள்ள."

சாக்குகளை இரட்டையாகக் கட்டினேன். குழிக்கு மேல்புறம் சின்ன வாய்க்கால் வெட்டி, வருகிற தண்ணீர் சுற்றிப் போகட்டும் என்று திருப்பினோம். தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல். நான்காவது கல்லை வைக்கும்போது முதல் துளி என் கழுத்தில்.

சாயங்காலம், கீழே. கொடைக்குக் கிடாக்கறி வேகும் அண்டாவைத் தகரக் கொட்டகைக்குள் அடுப்பில் ஏற்றி மண்ணை வறுத்தோம். பொ. சொன்ன வழி. மேலேயிருந்து எடுத்த மண் முதலில். அதற்குப் பிறகு, நாளைய பிடிமண்ணுக்காகக் கோவிலிலிருந்து ஒரு கூடை. கரண்டி பிடித்தது அத்தான். முருகேசன் வந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் விறகு கொண்டுவந்து போட்டார்.

"இனி இது மேல போவலாமா?"

"போவலாம்பா. நல்லா வறுபட்டுட்டு. உசுருள்ளது ஒண்ணும் இதுல இருக்காது."

கரண்டி நின்றது.

"ஒண்ணும் இருக்காதுன்னா... அவன்?"

பொ. வாயில் கையை வைத்துக்கொண்டாள். சொல்லிய பிறகுதான் அவளுக்கே கேட்டிருக்கிறது. தகரத்தில் மழை. எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்யாவது வந்திருக்கலாம். வரவில்லை.

அக்காதான், பாத்திரக் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே: "வருசா வருசம் கொதிக்கிற மஞ்சத்தண்ணிய ஒங்க மேல ஊத்திக்கிட்டு ஆடுதான். அவனுக்கு இந்த அண்டாச் சூடுதான் பொறுக்காதாக்கும். கிண்டுங்க, அடி பிடிக்கி."

கிண்டினார்.

மே 20, செவ்வாய்

விடாத மழை. பாதையில் இரண்டு இடத்தில் மண்.

தார்ப்பாய் தாக்குப்பிடித்திருக்கிறது. ஒரு மூலை மட்டும் தண்ணீர் தேங்கித் தொய்ந்திருந்தது. வாய்க்கால் வேலை செய்கிறது. பொ. ஊற்றுக்குக் கீழே ஓடையில் வலைப்பையில் இலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். என்ன வரும் என்று கேட்டேன். "தெரியாது மாமா. மழை முடியுற வரைக்கும் பாத்துட்டேதான் இருக்கணும்."

பிடிமண் மேளம் இல்லாமல் வந்தது. முன் சீட்டில் அத்தான், மடியில் மஞ்சள் துணி. சூடு இன்னும் இருக்கிறது என்றார். இருக்க வாய்ப்பில்லை, ஆனால் நான் மறுக்கவில்லை. சோலைக்குள் வேண்டாம், மரத்தடியே வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மேல் டிவிஷன் வளைவில், சோலைக்கு வெளியே, புல்லில் ஒரு மொட்டைப் பாறை. முருகேசனும் மற்றவர்களும் குடையோடு காத்திருந்தார்கள்.

வண்டியை நிறுத்தினேன். அத்தான் இறங்கவில்லை. கீழ்க்கோவிலிலிருந்து வெறுங்காலோடு வந்தவர்; விரலிடுக்கெல்லாம் கருப்புச் சேறு. வாளியையும் பிரஷையும் எடுத்து வந்தேன். ஒன்றும் சொல்வதற்குள் வேட்டியைச் சற்றுத் தூக்கி வலது காலை வெளியே நீட்டினார்.

அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவியவன் நான். மச்சினன் முறை. அன்றைக்கு வெள்ளிச் செம்பு, பன்னீர். இன்றைக்குச் சோப்பு, பிரஷ், ஸ்பிரிட். குதிகால் வெடிப்புக்குள் இருந்த மண் எளிதில் வரவில்லை, குச்சியால் எடுத்தேன். ஸ்பிரிட் பட்டதும் காலை உதறினார்.

"எரியுதா அத்தான்?"

"எரியட்டும். நல்லாத் தேயி."

ஒரு கை மடியில் மஞ்சள் துணியை அணைத்திருக்க, மறு கையை என் தோளில் ஊன்றி, இடது காலை நீட்டினார்.